பள்ளத்தில் விழுந்தவர் எந்தக் கதவைத் தட்டுவது?

“கவர்ன்மென்ட் மேல கேஸ் போட முடியாதாமே?”

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாகக் கட்டு தூக்கியவன் நான். சட்டப் புத்தகத்தைவிட நோட்டீஸ் தேதியும் ஸ்டாம்ப் கணக்கும்தான் எனக்குப் பாடம். அந்தக் கணக்கை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் வந்த மூன்று கேள்விகளை அடையாளம் மாற்றித் தருகிறேன். முதலாமவரின் அப்பா மாலை நடைக்குப் போனவர், மூடி இல்லாத மழைநீர் வடிகாலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நகராட்சியில் கேட்டால் “அது கான்ட்ராக்டர் வேலை” என்கிறார்கள். இரண்டாவது வீட்டில் மூத்த மகன் பைக்கில் வந்தபோது, குழாய் பதிக்கத் தோண்டிய குழியில் விழுந்து இறந்துபோனார். முதல் தகவல் அறிக்கையோ அவரே வேகமாக ஓட்டி விழுந்ததாகச் சொல்கிறது. மூன்றாவது, குப்பை லாரி பின்னால் வந்து இடித்ததில் கை முறிந்த ஓர் அம்மா. “நான் ஒழுங்காகச் சொத்து வரி கட்டுகிறேன், அப்படியானால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம்தானே?” என்று கேட்கிறார்.

மூன்று பேருக்கும் மூன்று வேறு கதவுகள். ஆனால் முதலில் அந்த “போட முடியாதாமே”வைப் பார்த்துவிடுவோம்.

## விலக்கு என்னும் பூச்சாண்டி

அது முழுப் பொய்யும் இல்லை. 1910களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ராணுவச் சாலை ஒன்றில் பொதுப்பணித் துறை குவித்துவைத்த சரளைக்கல்லால் ஒருவர் காயப்பட்டார். சாலை போடுவதும் பராமரிப்பதும் அரசாளும் வேலை, அதற்காக அரசை இழப்பீடு கேட்க முடியாது என்று தீர்ப்பானது. அரசன் தவறு செய்யமாட்டான் என்ற ஆங்கிலேயர் கோட்பாடு கம்பெனிக் காலத்து வழக்குகள் வழியாக நமக்கு வந்து சேர்ந்த கதை இது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதன் வால் நீண்டது. 1965இல் கஸ்தூரிலால் வழக்கு. மீரட் நகரில் ஒரு வியாபாரியிடம் போலீஸார் பறிமுதல் செய்த தங்கத்தை, காவலில் வைத்திருந்த ஏட்டே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் இறையாண்மை சார்ந்த பணி என்று சொல்லி, அரசு பணம் தர வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1962இல், உதய்பூர் கலெக்டரின் ஜீப் பழுது பார்த்துத் திரும்பும்போது ஒருவர் மேல் ஏறிய வழக்கில் அதே நீதிமன்றம் அரசைப் பணம் கொடுக்கச் சொல்லியிருந்தது. ஜீப் ஓட்டுவது எந்த முதலாளியின் டிரைவரும் செய்கிற வேலை, அதில் இறையாண்மை எங்கே வந்தது என்பதுதான் வேறுபாடு.

உள்ளாட்சி அமைப்புக்கு இந்தப் பெரிய கவசம் எப்போதுமே முழுதாகக் கிடைத்ததில்லை. தன் பெயரில் வழக்குப் போடவும் வழக்கை எதிர்கொள்ளவும் சட்டத்தால் உண்டாக்கப்பட்ட அமைப்பு அது. டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து ஆட்கள் செத்தார்கள். கட்டி 80 வருடம் ஆகியிருந்தது. அந்தச் சாந்து தாங்கக்கூடியதோ 40, 45 வருடம்தான். 1966இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. கூண்டு தானாக விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி, விழுந்ததற்கு வேறு காரணம் இருந்தால் மாநகராட்சி சொல்லட்டும் என்றது. பிறகு 1993இல் நீலாபதி பெஹரா வழக்கில், உயிருரிமை மீறப்பட்டதற்காக மேல் கோர்ட்டில் நேரடியாகப் போடும் ரிட் மனுவில் இழப்பீடு கேட்கும்போது, அரசாளும் வேலைக்காக வழக்கு கிடையாது எனும் இறையாண்மை விலக்கு என்ற வாதமே எடுபடாது என்று தெளிவாகிவிட்டது.

ஆகவே பெரிய பூட்டு திறந்தாயிற்று. ஆனால் மூன்று தாழ்ப்பாள்கள் மிச்சம் இருக்கின்றன. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இவற்றில்தான்.

ஒன்று, தேதி. உள்ளாட்சிச் சட்டங்கள் வழக்குக்கு முன் நோட்டீஸ் கேட்கின்றன, காலக்கெடுவையும் சுருக்குகின்றன. பழைய 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் இரண்டு மாத நோட்டீஸ், ஆறு மாதத்துக்குள் வழக்கு என்று இருந்தது. 2023 ஏப்ரலில் அதன் இடத்துக்கு 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் வந்தது. ஊராட்சிகளுக்கு 1994 சட்டம் தனி. நெடுஞ்சாலைத் துறை போன்ற நேரடி அரசுத் துறை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் இரண்டு மாத நோட்டீஸ். காலவரையறைச் சட்டத்தின் 72ஆவது கூறு, ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கோ செய்யாமல் விட்டதற்கோ ஒரே ஒரு வருடம்தான் தருகிறது. எங்கள் அலுவலகத்து வழக்கம், எந்தச் சட்டமானாலும் ஆறு மாதம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நான்காம் மாதம் முடிவதற்குள் நோட்டீஸை அனுப்பிவிடுவது.

இரண்டு, “நல்லெண்ணத்தில் செய்தது” என்ற பாதுகாப்பு. 1997இல் டெல்லி உபஹார் தியேட்டர் தீயில் 59 பேர் இறந்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் தியேட்டர்காரர்களையும் மின் வாரியத்தையும் பணம் தரச் சொல்லிவிட்டு, மாநகராட்சியையும் உரிமம் வழங்கிய அதிகாரியையும் விடுவித்தது. சட்டம் தந்த அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது மட்டும் போதாது, உள்நோக்கமோ அதிகார அத்துமீறலோ வேண்டும் என்பது அதன் சாரம். உரிமம் கொடுத்தது, ஆய்வுக்கு வராதது போன்ற புகார்கள் இந்தத் தாழ்ப்பாளில் மாட்டும். தோண்டிவிட்டு மூடாமல் போனது அப்படி மாட்டாது.

மூன்று, தெரிந்திருந்ததா என்ற கேள்வி. இதற்கு இரண்டு மரங்களைப் பாருங்கள். ராஜ்கோட்டில் நடந்துபோனவர் மேல் மரம் விழுந்த வழக்கில் 1997இல் மாநகராட்சி தப்பித்தது. அந்த மரம் விழும் என்று முன்கூட்டியே அறிய வழியில்லை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. டெல்லி அலிப்பூர் சாலையில் ஸ்கூட்டரில் போனவர் மேல் கிளை முறிந்த வழக்கில் 1999இல் மாநகராட்சி மாட்டிக்கொண்டது. அது பட்டுப்போன மரம், பார்த்தாலே தெரியும். உங்கள் குழியும் பட்டமரமாக இருந்தால்தான் உங்களுக்கு வலு. யாராவது முன்பே 1913க்கோ 1100க்கோ போன் செய்து புகார் எண் வாங்கியிருந்தால், அந்த எண் வக்கீல் பீஸைவிட மதிப்புள்ளது.

## எதை வைத்து அளப்பது?

நடந்ததை எதிர்த்தரப்பு மறுக்குமா என்பது முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதும் இதுதான். வெட்டவெளிச்சமான சம்பவத்துக்கு ஒரு வழி, சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டிய சம்பவத்துக்கு வேறு வழி.

அடுத்தது, குழி யாருடையது. ஒரே தெருவில் மேலே தார் மாநகராட்சியுடையது, கீழே குழாய் குடிநீர் வாரியத்துடையது, ஓரத்துக் கேபிள் மின்வாரியத்துடையது, தெரு போய்ச் சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. தவறான ஆளை எதிர்மனுதாரர் ஆக்கினால் இரண்டு வருடம் கழித்து “எங்களுடையது இல்லை” என்று ஒரு பத்தியில் பதில் வரும். அதற்குள் சரியான ஆள் மேல் போடவேண்டிய காலம் போயிருக்கும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமை மனு, போடுங்கள். அந்த இடத்தில் சாலை வெட்ட அனுமதி யாருக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, ஒப்பந்ததாரர் யார், தடுப்பு வைப்பது பற்றி ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, அந்த இடம் பற்றி முந்தைய ஆறு மாதத்தில் வந்த புகார்கள் எவை என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். ஒப்பந்ததாரர் பெயர் கிடைத்தால் அவரையும் சேர்க்க வேண்டும். ஆனால் “கான்ட்ராக்டர் வேலை” என்று சொல்வதாலேயே நகராட்சி கழன்றுகொள்ள முடியாது, பொதுவழியைப் பாதுகாப்பாக வைக்கும் கடமை அதனுடையது.

எவ்வளவு பணம், எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்பவை மிச்சம். இவற்றுக்கு வழிகளைப் பார்க்கும்போதே பதில் வந்துவிடும்.

ஒரு விஷயம் எல்லா வழிக்கும் பொது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி எனும் விபத்துப் பதிவேட்டில் டியூட்டி டாக்டர் எழுதும் முதல் வரி. பதற்றத்தில் “கீழ விழுந்துட்டார்” என்று மட்டும் சொன்னால் அவர் ‘தானாக விழுந்தார்’ என்று எழுதிவிடுவார், அது கடைசிவரை துரத்தும். எந்தத் தெருவில், எந்தக் குழியில், எத்தனை மணிக்கு என்று சொல்லி எழுத வையுங்கள். போட்டோவை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வருடக்கணக்காக மூடாத பள்ளம், ஆள் விழுந்த மறுநாள் காலையில் மூடியிருக்கும் அதிசயத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## சிவில் வழக்கு

பழைய வழி, முழுமையான வழி. சாட்சி விசாரிக்கலாம், இன்ஜினியரைக் குறுக்கு விசாரணை செய்யலாம், மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலி வேதனை, எதிர்காலச் சிகிச்சை எல்லாவற்றையும் தனித்தனித் தலைப்பில் கேட்கலாம். இறப்பு என்றால் 1855ஆம் ஆண்டின் உயிர்க்கொல்லி விபத்துகள் சட்டம். மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் கேட்கலாம். அண்ணன் தம்பிக்கு அதில் இடமில்லை. அந்தச் சட்டத்தின்கீழ் காலக்கெடு இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம், ஆனால் மேலே சொன்ன ஆறு மாதக் கணக்கை மறக்க வேண்டாம்.

கோர்ட் ஃபீ தமிழ்நாட்டில் முன்பு ஏழரை சதவீதம், 2017 திருத்தத்தில் மூன்று சதவீதமாகக் குறைந்தது. பத்து லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். கட்ட வழியில்லாதவர் வறியவர் மனுவாகப் போடலாம், ஆனால் அந்த மனு மேல் விசாரணை முடியவே பல மாதம் ஆகும். வழக்கு நடக்கும்போது லோக் அதாலத்தில் சமரசமானால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், போன் எண் 15100.

இனி மறைந்திருக்கும் செலவு. அலிப்பூர் சாலை மரக்கிளை முறிந்தது 1964இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1999இல். 35 வருடம். எல்லா வழக்கும் அப்படி இழுக்காது, ஆனால் தீர்ப்புக்கு அப்பால் மேல்முறையீடும், அதற்கு அப்பால் தீர்ப்பான பணத்தை வசூலிக்கும் நிறைவேற்று மனுவும் இருப்பதைச் சொல்லாமல் வழக்குப் போடச் சொல்வது நியாயமில்லை. கலெக்டர் ஆபீஸ் ஜீப்பையும் நாற்காலியையும் ஜப்தி செய்ய அமீனா வந்தார் என்று பேப்பரில் படிப்போமே, அதெல்லாம் டிக்ரி கிடைத்தும் பணம் வராதவர்களின் கதை. இன்னொன்று, உங்கள் பக்கத்துக் கவனக்குறைவும் கணக்கில் வரும். ஹெல்மெட் இல்லை, விளக்கு எரியவில்லை, குடித்திருந்தார் என்று நிரூபணமானால் அந்தப் பங்கைக் கழித்துத்தான் தருவார்கள்.

எப்போது இதுவே சரி? உயிர் பிழைத்து, நிரந்தர ஊனம் ஏற்பட்டு, வாழ்நாள் வருமானம் போயிருக்கும்போது. தொகை பெரியது, அதைக் கணக்கிட டாக்டர் சாட்சி வேண்டும், எதிர்த்தரப்பும் மறுக்கிறது என்றால் வேறு எங்கே போனாலும் கடைசியில் இங்கேதான் அனுப்புவார்கள்.

## ரிட் மனு

சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 226ஆவது கூறின்கீழ் போடுவது. கோர்ட் ஃபீ பெயருக்குத்தான். விலக்கு என்ற பேச்சு இங்கே நிற்காது. சாட்சிக் கூண்டு இல்லை, பிரமாணப் பத்திரங்களை வைத்தே முடிவாகும். எதிர்மனுதாரராக எல்லாத் துறைகளையும் வரிசையாகப் போட்டுவிட்டால், “என்னுடையது இல்லை, அவருடையது” என்று அவர்களே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். இந்த வேடிக்கையை நான் ரசித்ததுண்டு.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அனுமதியில்லாத பேனர் விழுந்து ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் தடுமாறி லாரியில் அடிபட்டு இறந்தார். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும், அதைத் தவறிழைத்த அதிகாரிகளிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டது. சிவில் கோர்ட்டில் ஒரே நாளில் சம்மன்கூடக் கிளம்பாது.

ஆனால் இந்தக் கதவுக்கு ஒரு காவல்காரன் உண்டு. தமிழ்நாடு மின்வாரியத்தின் மேல்முறையீடு ஒன்றில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் எல்லா அரசு வக்கீலுக்கும் மனப்பாடம். நடந்தது என்ன என்பதிலேயே தகராறு இருந்து, பொறுப்பை எதிர்த்தரப்பு தெளிவாக மறுத்தால், ரிட் அதற்கான இடம் இல்லை. கவனக்குறைவு முகத்தில் எழுதியிருந்தால் மட்டும் தடையில்லை. இதனால் வரும் மறைமுகச் செலவு, இரண்டு வருடம் பட்டியலில் காத்துக் கிடந்துவிட்டு “சிவில் கோர்ட்டுக்குப் போ” என்று திரும்புவது. அப்படித் திரும்பும்போது ரிட்டில் கழிந்த காலத்தைக் கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உதவக்கூடும், அதற்கான வாசகத்தை உத்தரவிலேயே கேட்டு வாங்க வேண்டும். தொகையும் பொதுவாக மொத்தமாக ஒரு தொகை, சிவில் வழக்கு போல் தலைப்புத் தலைப்பாக வராது. இன்னும் வேண்டுமானால் சிவிலில் கேட்டுக்கொள், இதைக் கழித்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. வக்கீல் பீஸும் மாவட்டக் கோர்ட்டைவிடக் கனமாக இருக்கும்.

எப்போது சரி? இறப்பு, ஆவணத்திலேயே தவறு தெரிகிறது, பொறியாளரின் குறிப்பு, போலீஸ் அறிக்கை, ஆர்.டி.ஐ. பதில் மூன்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன. அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து இறப்பது இதற்கு நல்ல உதாரணம். மின்சாரத்தில் கவனக்குறைவை நிரூபிக்கவே தேவையில்லாத முழுப்பொறுப்பை உச்ச நீதிமன்றம் 2002இல் மின்வாரியத்தின் மேல் வைத்திருக்கிறது.

பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு படி மேலே போனது. சாலைக் குழியாலும் திறந்த மேன்ஹோலாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரை, முடிவு செய்ய நகராட்சி ஆணையரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலரும் கொண்ட குழு என்று வகுத்தது. மகாராஷ்டிரத்துக்கு உள்ளேதான் அது கட்டுப்படுத்தும். நம் ரிட் மனுவில் மேற்கோள் காட்டலாம், உரிமையாகக் கோர முடியாது.

## நிரந்தர மக்கள் நீதிமன்றம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் லோக் அதாலத்தோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். அது சமரசம் ஆனால்தான் உண்டு, இல்லையென்றால் வெறும் கையோடு திரும்ப வேண்டும். நிரந்தர மக்கள் நீதிமன்றம் முதலில் சமரசம் பேசும், ஒத்துவராவிட்டால் தானே தீர்ப்பும் சொல்லும். ஒரு கோடி ரூபாய் வரை கேட்கலாம். கட்டணம் கிடையாது. சாட்சியச் சட்டத்தின் இறுக்கம் கிடையாது. தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லாததால் நகராட்சி இழுத்தடிக்கும் வழியும் குறைவு, ரிட் மட்டும்தான் போக முடியும்.

ஆனால் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று சட்டம் பட்டியலிட்டவற்றுக்குத்தான். குடிநீர், மின்சாரம், துப்புரவு, கழிவுநீர், பயணிகள் போக்குவரத்து, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், தபால், தொலைபேசி. பாதாளச் சாக்கடை மூடி உடைந்து விழுந்தால் உள்ளே வரும். வடிகாலும் துப்புரவின் பகுதி என்று வாதிடலாம். தார்ச் சாலைக் குழி? ‘போக்குவரத்துச் சேவை’ என்பது ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வது, சாலையே அதில் அடங்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

இதன் மறைந்த விலை ஒன்றே ஒன்று, ஆனால் கனமானது. இங்கே மனு போட்டபின் அதே தகராறுக்கு வேறு கோர்ட்டுக்குப் போக முடியாது. வேறு கோர்ட்டில் ஏற்கெனவே போட்டிருந்தால் இங்கே வரவும் முடியாது. இரண்டு படகில் கால் வைக்க விடாத வழி. தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஒரு வருடத்தில் முடிந்தால் போதும் என்பவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். வக்கீல்கள் இதை அதிகம் சொல்வதில்லை. ஏன் என்று குமாஸ்தாவுக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

## வண்டி இருந்தால்

விபத்தில் மோட்டார் வாகனம் ஒன்று தவறு செய்திருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நகராட்சியின் குப்பை லாரியாக இருந்தாலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான். பணம் கட்டப்போவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி, கணக்கிடும் முறை உச்ச நீதிமன்றமே வகுத்துத் தந்தது, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் காலக்கெடு திரும்ப வந்திருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

குழியில் தானே விழுந்தவருக்கு இந்தத் தீர்ப்பாயம் பொருந்தி வராது, ஏனென்றால் தவறு செய்த வண்டி என்று ஒன்று இல்லை. ஆனால் அவருடைய பைக் இன்சூரன்ஸைப் பிரித்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டினால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு பெரும்பாலும் அதில் இருக்கும். லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும். இறப்புக்கு முழுத் தொகை, ஒரு கை அல்லது ஒரு கண் போனால் பாதி. வெறும் எலும்பு முறிவுக்கு எதுவும் வராது. யார் தவறு என்ற கேள்வியே இதில் இல்லை, நகராட்சி மேல் போடும் வழக்குக்கும் இது தடையில்லை. எத்தனையோ குடும்பங்கள் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பாலிசியைப் பீரோவில் வைத்திருக்கின்றன.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவைச் சிலர் கேட்கிறார்கள். சாலையைத் தரமாகப் பராமரிக்காத அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம். அந்தப் பணம் விபத்து நிதிக்குப் போகும், உங்கள் கைக்கு வராது.

## மற்றவை, சுருக்கமாக

மாநில மனித உரிமை ஆணையம்: கட்டணம் இல்லை, ஒரு வருடத்துக்குள் மனு, வக்கீல் இல்லாமலும் எழுதிப் போடலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021இல் சொன்னபிறகு இதற்குக் கொஞ்சம் பல் முளைத்திருக்கிறது. பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம்.

நுகர்வோர் ஆணையம்: வரி வேறு, கட்டணம் வேறு. சொத்து வரி கட்டுவதால் நீங்கள் தெருவை விலைக்கு வாங்கிய நுகர்வோர் ஆகிவிடுவதில்லை. மின் இணைப்பு போலக் காசு கொடுத்துப் பெறும் சேவையின் குறைபாட்டால் காயம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

முதலமைச்சர் நிவாரண நிதி: உதவித்தொகை, இழப்பீடு இல்லை. வாங்கிக்கொள்வதால் வழக்கு உரிமை போகாது. ஆனால் ஒப்பந்ததாரரின் ஆள் வீட்டுக்கு வந்து ஐம்பதாயிரத்தை நீட்டி “முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், அது நிவாரணம் இல்லை. காரியம் முடிவதற்குள்ளேயே வந்து நிற்பார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கட்டணம் | காலக்கெடு | எதில் வலு | எதில் அடிபடும் |
|---|---|---|---|---|
| சிவில் வழக்கு | கேட்பதில் 3 சதவீதம் | ஆறு மாதம் என்றே நடந்துகொள்க | பெரிய தொகை, நிரந்தர ஊனம் | வருடங்கள், நிறைவேற்று மனு |
| ரிட் மனு | பெயரளவு. வக்கீல் பீஸ் அதிகம் | திட்டவட்டமாக இல்லை. தாமதம் கெடுக்கும் | இறப்பு, மறுக்க முடியாத ஆவணம் | தகராறு இருந்தால் திருப்பி அனுப்பப்படும் |
| நிரந்தர மக்கள் நீதிமன்றம் | இல்லை | சிவில் வழக்கு போலவே கருதுக | சாக்கடை, குடிநீர், மின்சாரம். விரைவு | வேறு கதவு அடைபடும் |
| வாகன விபத்துத் தீர்ப்பாயம் | கேட்கும் தொகையைப் பொறுத்தது | 6 மாதம் | இன்சூரன்ஸ் பணம் | வண்டி இல்லையேல் பொருந்தாது |
| மனித உரிமை ஆணையம் | இல்லை | 1 வருடம் | எளிமை | சிறிய தொகை |
| நுகர்வோர் ஆணையம் | செலுத்திய விலை 5 லட்சம் வரை இல்லை | 2 வருடம் | காசு கொடுத்த சேவை | வரி கட்டணமாகாது |

## அந்த மூவருக்கு

வடிகாலில் விழுந்த அப்பாவுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம். செலவு ஆஸ்பத்திரி பில்லில் தெளிவாக இருக்கிறது, தொகை பிரம்மாண்டமும் இல்லை, அவருக்கு வாய்தாவுக்கு நடக்க இடுப்பும் இல்லை. நகராட்சியையும் ஒப்பந்ததாரரையும் சேர்த்தே போட வேண்டும். நோட்டீஸ் முதலில் போகட்டும். ஒருவேளை மறுபடி ஆபரேஷன் வேண்டும், வேலைக்கே போக முடியாது என்று டாக்டர் சொன்னால், மனு போடுவதற்கு முன்பே முடிவை மாற்றிச் சிவிலுக்குப் போங்கள். போட்டபின் மாற்ற முடியாது.

குப்பை லாரி அம்மாவுக்குத் தீர்ப்பாயம். லாரி எண், முதல் தகவல் அறிக்கை, ஏ.ஆர். காப்பி மூன்றும் இருந்தால் அடுத்த வாரமே மனு போடலாம். வரி ரசீதை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

மகனை இழந்த வீட்டுக்குத்தான் எழுதக் கை வரவில்லை. முதல் தகவல் அறிக்கை இறந்தவர் மேலேயே இருப்பதால் இப்போதே ரிட் போட்டால் அரசு வக்கீல் அந்த ஒரு தாளைத்தான் நீட்டுவார். அதனால் முதலில் பைக் பாலிசியை எடுத்து இன்சூரன்ஸுக்கு எழுதுங்கள். அதே நாளில் ஆர்.டி.ஐ. போடுங்கள். அந்த இரவு அங்கே தடுப்பும் சிவப்பு விளக்கும் இல்லை என்பதைப் பார்த்த பெட்டிக்கடைக்காரர், ஆட்டோக்காரர் யாராவது இருந்தால், எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு எழுதி அவர்கள் வாக்குமூலத்தைப் பதியச் சொல்லுங்கள். பதில்கள் ஒரே பக்கம் காட்டினால் ரிட். காட்டவில்லையென்றால் நான்காம் மாதத்துக்குள் நோட்டீஸ், ஆறாம் மாதத்துக்குள் சிவில் வழக்கு. வழக்கில் மருமகள், குழந்தை, அப்பா, அம்மா நால்வர் பெயரும் வர வேண்டும். தம்பிதான் எல்லாவற்றுக்கும் அலைகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பெயர் மனுவில் வராது, சாட்சிப் பட்டியலில் வரும். அன்று இரவே அந்தக் குழியைப் போனில் படம் எடுத்து வைத்தவர் அவர் என்பதால்.